பைய எடுத்தா நெறைய வரும்

மூணாவது லைட்டும் அணைஞ்சு போச்சு. இனி ஒண்ணே ஒண்ணுதான். இன்வெர்ட்டர் பெட்டி நெத்தியில நாலு பச்சை லைட்டு உண்டு, காலைல ஷட்டவுன் ஆரம்பிக்கையில நாலும் முழிச்சுக்கிட்டு நின்னுச்சு, இப்ப ஓரத்துல ஒத்தையா ஒண்ணு. அதுவும் போனா சிவப்பு எரியும், கீ கீன்னு கத்தும், பொறவு ஆக்சிஜன் மிஷின் நின்னுரும், மிஷின் நின்னா எங்க அக்கா எப்சிபாவுக்கு மூச்சு இல்ல. அவ்வளவுதான் விசயம். வேற எதையும் போட்டு ஒழப்ப வேண்டாம். ரெண்டு மணிக்கு கரண்டு விட்டுருவான். மாசாந்திரப் பராமரிப்பு, காலை முதல் ரெண்டு மணி வரைன்னு பேப்பர்ல போட்டிருந்தான், கம்பியில உரசுற கொப்பு குழையெல்லாம் வெட்டுவானாம், வெட்டட்டும், நல்லா வெட்டட்டும், இந்தத் தெருவுல ஒருத்தி மூக்குல குழாயோட கெடக்கான்னு அவனுக்கு யாரு சொல்லுவா. மிஷின் ஓடுது. டொக்குன்னு ஒரு சத்தம், புஸ்ஸுன்னு ஒரு சத்தம். ரூமுல உள்ள காத்தை இழுத்து நைட்ரஜனைத் தள்ளிட்டு மிச்சத்தைக் குழாய் வழியா அவ மூக்குக்கு அனுப்புது. ஸ்பேர் சிலிண்டர் ஒண்ணு எப்பவும் கட்டில் பக்கத்துல நிக்கும், இன்னைக்குன்னு பாத்து அது இல்ல, ரொப்பிட்டு வாரோம்னு மைதீன் பாய் கடையிலருந்து காலைல தூக்கிட்டுப் போனாங்க, போன் போட்டா வண்டி கெளம்பிட்டு டீச்சர், கெளம்பிட்டுங்காரு. எத்தனை தடவை ஒரே வண்டி கெளம்பும்? நான் இங்க உக்காந்து லைட்டைப் பாத்துக்கிட்டிருக்கேன். லைட்டைப் பாத்தா லைட்டு நிக்குமா? நிக்காது. ஆனாலும் பாக்காம இருக்க முடியல.

ஏட்டி பெர்சின்னு அக்கா கூப்பிடுதா. என்னக்கா. ஃபேன போடு. கரண்டு இல்லக்கா. இன்வெட்டர்ல போடு. அது மிஷினுக்கு வேணும்லா, ரெண்டையும் ஓட்டுனா சீக்கிரம் தீந்து போகும். ஒரு வாக்கியம் பேசுறதுக்கு அவளுக்கு மூணு மூச்சு வேணும். கண்ணை மூடிக்கிட்டு மூச்சைச் சேத்து வச்சு மறுபடியும் கேக்கா. மிஷின நிப்பாட்டு. ஃபேன போடு. கோட்டிக்காரி மாதிரிப் பேசாதக்கா, மிஷின நிப்பாட்டுனா என்ன ஆகும்னு தெரியும்லா. தெரியும். மூஞ்சில காத்து படணும்ட்டி. அவ்வளவுதான் கேக்கா. ஆக்சிஜன் மூக்குக்குள்ள போகுது, ஆனா அவளுக்கு அது காத்தாத் தெரியல, மூஞ்சியில அடிக்கிறதுதான் அவளுக்குக் காத்து. காலண்டர் அட்டையை எடுத்து வீசிக்கிட்டிருந்தேன் ரொம்ப நேரமா. நீ வீசுனா அனல் அடிக்குங்கா. கோயில்பட்டி வெயில், தலைக்கு மேல கான்கிரீட்டுத் தளம், வேற என்ன அடிக்கும், பன்னீரா தெளிக்கும்? தோள்பட்டை பிடிச்சுக்கிட்டு, கை தூக்க முடியல, கீழ வச்சேன். கொஞ்ச நேரம் பொறுக்கா. இந்தா வந்துரும் கரண்டு. 108-ஐக் கூப்பிடவான்னு கேட்டேன், கையை மட்டும் ஆட்டுனா, வேண்டாம்னு. அந்தக் கையில வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குது, அவ்வளவு மெலிஞ்சு போச்சு. அதைப் பாக்க மாட்டாம நான் ஃபிரிட்ஜைப் பாத்தேன். ஃபிரிட்ஜு, டியூப் லைட்டு, செல் சார்ஜர் எல்லாம் காலையிலயே அமத்தியாச்சு. ஃபேனும் அமத்தியாச்சு. மிஷினைத் தவிர ஒரு சொட்டு கரண்டு வேற எங்கயும் போகக் கூடாது. கணக்குப் போட்டுப் பாத்தாச்சு. பழைய பேட்டரி, அதுல பாதிதான் தேறும்னு வச்சுப் போட்டேன், ஃபேன் இல்லாம ஓட்டுனா தொட்டும் தொடாம ரெண்டு மணிக்குக் கொண்டு போய்ச் சேத்துரலாம். ஃபேன் போட்டா வராது. வராதுன்னா வராது. இருபத்தாறு வருசம் பன்னெண்டாம் வகுப்புக்கு மின்வேதியியல் எடுத்தவளுக்கு இந்தக் கணக்குகூடவா தெரியாது.

கட்டிலா ஆற்றல். பிள்ளைக அந்தப் பாடம் வந்தாலே சிரிக்கும். கிப்ஸ் கட்டிலா ஆற்றல்னு போர்டுல எழுதுனதும் கடைசி பெஞ்சுலருந்து ஒருத்தி கேப்பா, டீச்சர், கட்டில் இல்லாத ஆற்றலா? வருசா வருசம் ஒரே பகிடி, வருசா வருசம் புதுசு மாதிரிச் சிரிக்கும். ஏ மூதிகளா, கட்டு இல்லாதது, எதுலயும் கட்டுப்படாம வேலை செய்யக் கையில இருக்கிற ஆற்றல், எழுதுங்கன்னு ஸ்கேலால மேசையைத் தட்டுவேன். இப்ப இங்க கட்டில் இருக்கு, அதுல அக்கா இருக்கா, ஆற்றலைத்தான் காணோம். சீ, என்ன நெனப்பு இது. ஒரு மின்கலத்துல இருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்கலாம்ங்கிறதுக்கு ஒரு அளவு உண்டு, அதுக்கு மேல யாரும் வாங்க முடியாது, எந்தக் கம்பெனிக்காரனும் வாங்க முடியாது. அந்த அளவை முழுசா வாங்கணும்னா மீள் முறையில எடுக்கணும், அதாவது பைய, ரொம்பப் பைய, முடிவே இல்லாத அளவுக்குப் பைய. அவசரமா எடுத்தா கொஞ்சம் வேலையாகும், மிச்சம் சூடாப் போயிரும். பைய எடுத்தா நெறைய வரும் பிள்ளைகளான்னு சொல்லிக் குடுப்பேன். அப்ப முழுசும் வேணும்னா டீச்சர்? முழுசும் வேணும்னா எடுக்கவே கூடாது, போய் உக்காரு. அப்படித்தான் சொல்லியிருக்கேன், நெசமாவே. வகுப்பு சிரிச்சுது. இப்ப யோசிச்சா எங்க ரெண்டு பேரு வாழ்க்கையும் அந்த ஒத்தைப் பதில்தான். நல்ல தட்டெல்லாம் ஷோகேசுல, யாராவது வந்தா எடுப்போம், யாரும் வரல. அக்காவோட மாம்பழக் கலர் பட்டு, கிறிஸ்மசுக்குக் கட்டுவோம், மழை பெய்யும், வேண்டாம், ஈஸ்டருக்குக் கட்டுவோம், வேர்க்கும், வேண்டாம். குத்தாலத்துக்கு சாரல் சமயத்துல ஒரு வாரம் போய்த் தங்கணும்னு அவளுக்கு ஆசை, காத்துல நிக்கணும்ட்டின்னு சொல்லுவா, நான் ரிட்டயர் ஆகட்டும்க்கா, பைய போவோம். ரிட்டயரும் ஆயாச்சு. பைய, பைய. எல்லாத்தையும் கெட்டுப் போகாம வச்சிருந்தோம்.

அவ தூங்குதாளான்னு பாக்கேன். தூங்கல. கண்ணு பாதி தெறந்து மேல ஃபேனைப் பாக்குது. நிக்கிற ஃபேனை. மூணு றெக்கையிலயும் தூசி. தொடைக்கணும்னு நெனச்சு நெனச்சு விட்டுட்டேன். அவ நுரையீரல்லயும் தூசிதான், பஞ்சுத் தூசி. பாத்திரம் தேய்க்கிற பழைய ஸ்பாஞ்சு மாதிரி காஞ்சு போச்சும்மான்னு டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டுனாரு. மில்லுல ஸ்பின்னிங்ல முப்பது வருசம். அப்பா இறந்த அடுத்த வாரமே வேலைக்குச் சேந்தா, பத்தாங்கிளாசுல அவதான் பஸ்ட்டு, ஆனா நான் சின்னவ, நான் படிக்கணும். துத்தநாகக் கம்பியும் தாமிரக் கம்பியும் போட்டு மேசை மேல வச்சு பிள்ளைகளுக்குக் காட்டுவேன், ஒரு வாரம் கழிச்சு எடுத்துப் பாருங்க, ஒண்ணு கரைஞ்சிருக்கும், இன்னொண்ணு தடிச்சிருக்கும், இது குடுக்குது அது வாங்குது, நடுவுல பல்பு எரியுது. அந்தப் பல்பை மட்டும்தான் எல்லாரும் பாப்பாக. எங்க வீட்டுல எரிஞ்ச பல்பு எம்.எஸ்ஸி., எம்.எட். கரைஞ்சது அவ, தடிச்சது நான். இதுல வேடிக்கை என்னன்னா பேரு. எலக்ட்ரானை இழக்குறதுக்குப் பேரு ஆக்சிஜனேற்றம், வாங்குறதுக்குப் பேரு ஒடுக்கம். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இது புத்தியில ஏறவே ஏறாது. டீச்சர், எலக்ட்ரான் ஏறுனாத்தானே ஏற்றம், போனா ஒடுக்கம்தானேன்னு பரீட்சையில மாத்தி எழுதி வைக்கும், மொத்த விடைத்தாளும் தலைகீழாப் போகும், நான் செவப்பு மையில அடிச்சுத் தள்ளுவேன். குடுத்தவளுக்கு ஏற்றம், வாங்குனவளுக்கு ஒடுக்கம், மனப்பாடம் பண்ணு, காரணம் கேக்காதன்னு திட்டுவேன். பிள்ளைக சரியாத்தான் கேட்டிருக்கு. குடுத்தவ எங்க ஏறுனா? இந்தக் கட்டில்ல ஏறிப் படுத்தா, அவ்வளவுதான். வாங்குன நான் எங்க ஒடுங்குனேன், தொண்டையத் தொறந்தா தெருவுக்கே கேக்கும்.

செல்லு அடிக்குது. மைதீன் பாயோன்னு பாஞ்சு எடுத்தா மதுரையிலருந்து சித்தி மக கிரேனாப். அக்கா டிஸ்சார்ஜ் ஆயிட்டாளாமே, ஸ்தோத்திரம், நாங்க உபவாசம் இருந்து ஜெபிச்சோம்ங்கா. டிஸ்சார்ஜ். ஆமா, ஆயிட்டா. இந்த வாரம் பூரா எல்லாரும் இந்த ஒரு வார்த்தையைத்தான் சந்தோசமாச் சொல்லுதாங்க. பேட்டரி டிஸ்சார்ஜ் ஆச்சுன்னா மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிடுவாங்க, மனுசி டிஸ்சார்ஜ் ஆனா ஸ்வீட்டு கேக்காங்க. இனி இங்க செய்ய ஒண்ணும் இல்ல, வீட்ல வச்சு நிம்மதியாப் பாத்துக்கோங்கன்னு டாக்டர் சொன்னதுக்கு அதுதான் பேரு. கிரேனாப் விடல, நீ தைரியமா இரு, மனசைச் சமநிலையா வச்சுக்கோ பெர்சின்னு சொல்லுதா. சமநிலையா? சமநிலைன்னா என்னன்னு தெரியுமாட்டி உனக்கு? இந்த பேட்டரிக்குள்ள ஒரு பக்கம் காரீயம், ஒரு பக்கம் காரீய ஆக்சைடு, ரெண்டும் வேற வேறயா இருக்கிறவரைக்கும்தான் கரண்டு வரும், ஓட ஓட ரெண்டும் ஒரே வெள்ளை சல்பேட்டா மாறிக்கிட்டே வரும், ரெண்டும் ஒண்ணாப் போச்சுன்னா அதுக்குப் பேருதான் சமநிலை. செத்த பேட்டரிதான் சமநிலையில இருக்கும். உயிரோட இருக்கிற எதுவும் சமநிலையில இல்ல. இதையெல்லாம் அவகிட்டச் சொல்லல, சரிட்டி, வைக்கேன், சார்ஜ் இல்லன்னு சொல்லி வச்சுட்டேன். என் குரலுல கடுப்பு தெரிஞ்சிருக்கும். தெரியட்டும். வாரம் ஒரு நாள் போன்ல ஜெபிக்கிறவளுக்கு ராத்திரி பூரா உக்காந்து முதுகைத் தேய்க்கிறவளைப் பத்தி என்ன தெரியும்.

தெருவுல ஆள் சத்தம். எதிர் வீட்டு சண்முகவடிவு வாசல்ல நின்னு யாருகிட்டயோ கத்துதா. என்னது ரெண்டு மணியா, எளவு, டிரான்ஸ்பார்மர்ல ஏதோ வேலையாம், நாலு ஆகுமாம், லைன்மேன் சொல்லிட்டுப் போறான், எங்க வீட்ல மாவு ஆட்டணும்! நாலு. அவளுக்கு மாவு. எனக்கு அக்கா மூச்சு. நாலு வரைக்கும் இந்த ஒத்த லைட்டு நிக்காது. நிக்கவே நிக்காது. கணக்கு ரெண்டோட முடிஞ்சு போச்சு. மைதீன் பாய்க்குப் போட்டேன், எடுக்கல, மறுபடி போட்டேன், எடுக்கல. எனக்குப் பயமா இருக்கு. சொல்லிருதேன், யாரும் கேக்கல, நான் எனக்கே சொல்லிக்கிடுதேன், எனக்குப் பயமா இருக்கு, அந்தப் பயத்துக்கு அடியில இன்னொண்ணு இருக்கு, அதுதான் அதைவிடப் பயமா இருக்கு. பேட்டரி தானா நின்னு போச்சுன்னா. யாரும் நிப்பாட்டல, நானும் நிப்பாட்டல, கரண்டுக்காரன் மேல பழி, டிரான்ஸ்பார்மர் மேல பழி, எல்லாம் முடிஞ்சு போகும், நான் போய்த் தூங்குவேன். கட்டையைக் கிடத்துன மாதிரி ஒரு நாள் பூரா தூங்குவேன். வந்துட்டுல்லா அந்த நெனப்பு? வந்துட்டு. ஆண்டவரே, எனக்கு எங்க அக்கா வேணும். ரெண்டும் நெசம். எனக்கு அவ வேணும், எனக்குத் தூங்கவும் வேணும். அந்நேரம் பாத்து அவ வாயைத் தெறக்கா. பெர்சி. ஃபேனு. கொஞ்சம் பொறுக்கான்னேன். ஒரு நிமிசம்ட்டி. மூஞ்சி மட்டும். நாலு மணிக்குத்தான் வருமாம்க்கா, கேட்டியா, நாலு மணி. ஃபேனு. எனக்கு எங்கருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ. லைட்டு மேல வந்த கோவமா, என் மேல வந்த கோவமா, சும்மா கெட சவமே, ஃபேனு ஃபேனுன்னு, உன் உசுரைக் காப்பாத்தத்தான இங்க ஒருத்தி உக்காந்து செத்துக்கிட்டிருக்கேன்னு கத்திட்டேன். எங்க பக்கத்துல தொட்டதுக்கெல்லாம் சவம்பாங்க, பால் பொங்குனா சவம், பஸ்ஸு போனா சவம், அதுல ஒண்ணும் இல்ல, அவளும் என்னைய ஆயிரம் தடவை சொல்லியிருக்கா. அவ மூஞ்சியை மட்டும் சொவரு பக்கமாத் திருப்பிக்கிட்டா. கோவிச்சுக்கிட்டா. கோவிக்கட்டும். சாயந்திரம் சமாதானம் பண்ணிக்கிடலாம்.

சும்மா கெடக்கா. நல்லதுதான். பேசுனா மூச்சு செலவு, பேசாம இருந்தா அதுவும் மிச்சம். இந்த அமைதியில எனக்கும் தலை கொஞ்சம் தெளியுது. டொக், புஸ். வேர்வை கழுத்துலருந்து முதுகுல இறங்குது. பேட்டரி இருக்கிற மூலைக்குப் போய்க் குனிஞ்சு காதை வச்சுப் பாத்தேன், ஒரு சத்தமும் இல்ல, தொட்டுப் பாத்தேன், சூடே இல்ல. அதென்ன, சாகப் போற பேட்டரி இவ்வளவு குளிர்ந்து இருக்கு? உயிரு போறவரைக்கும் ஓடுன பேட்டரி கொஞ்சமாவது சுடும். லைட்டு மட்டும் ஒண்ணு. லைட்டு எதைப் பாத்து எரியுது? மின்னழுத்தத்தைப் பாத்து எரியுது. எந்த மின்னழுத்தம்? ஏ பெர்சி, எந்த மின்னழுத்தம்ட்டி? இது மூணு மார்க்குக் கேள்வி. மின்னியக்கு விசைக்கும் முனைய மின்னழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு யாது. கலத்துலருந்து ஒண்ணும் எடுக்காதப்ப அளந்தா அதோட நெசமான அழுத்தம் தெரியும். எடுத்துக்கிட்டே அளந்தா கொறைச்சலாத்தான் காட்டும், உள்ள இருக்கிற தடை கொஞ்சத்தை முழுங்கிரும். பழைய பேட்டரின்னா உள்தடை இன்னும் அதிகம், இன்னும் கொறைச்சுக் காட்டும். சுமை தூக்குறவ மூச்சு வாங்குறதைப் பாத்து இவளுக்குத் தெம்பே இல்லன்னு சொல்ல முடியுமா? எறக்கி வச்சிட்டுல்லா பாக்கணும்! அட கோட்டிக்காரி, நான் காலைலருந்து மிஷின் ஓட ஓட அந்த லைட்டைப் பாத்துப் பாத்துச் செத்துக்கிட்டிருக்கேன். எத்தனை பிள்ளைக பேப்பர்ல இதுக்கு மார்க்கைக் கொறைச்சிருக்கேன், எனக்கு யாரு கொறைக்க. பாத்துரலாமா? மிஷினை ஒரு நொடி நிப்பாட்டினாத்தான் தெரியும். ஒரே நொடி, பத்து எண்ணுறதுக்குள்ள. அக்கா, பயப்படாத, ஒரு நொடி நிப்பாட்டிட்டுப் போட்டுருதேன். அவ ஒண்ணும் சொல்லல, இன்னும் கோவம். ஸ்விட்சை அமத்துனேன். வீடே அடங்கிப் போச்சு. ரெண்டாவது லைட்டு வந்துச்சு. மூணாவது. மூணு லைட்டு! மூணும் பச்சை! நான் கையைத் தட்டிட்டேன், கிளாசுல தட்டுற மாதிரி. மிஷினைத் திரும்பப் போட்டேன், டொக்குன்னு ஆரம்பிச்சுது. அக்கா, ஏ அக்கா, இருக்கு, நெறைய இருக்கு, நாலு மணி என்ன, ஆறு மணி வரைக்கும் இருக்கு, நான்தான் புத்தி கெட்டுப் போய் தப்பா அளந்துட்டேன், இந்தா ஃபேன போடுதேன், அஞ்சுல வைக்கேன், உனக்கு எவ்வளவு வேணுமோ வாங்கிக்கோ. போட்டேன். றெக்கை முனகிக்கிட்டுத் திரும்புச்சு, தூசி ஒரு கட்டி பிச்சுக்கிட்டுப் போய் விழுந்துச்சு, பொறவு காத்து வந்துச்சு. ஆகா. என்ன காத்து. என் வேர்வையெல்லாம் சில்லுன்னு ஆயிட்டு. நான் வாயைத் தெறந்து கொஞ்ச நேரம் அப்படியே கண்ணை மூடிக்கிட்டு நின்னேன், எனக்கே இப்படி இருக்குன்னா.

எப்படிக்கா இருக்கு? மூஞ்சியில படுதா? இங்கிட்டுத் திரும்பு, அங்கிட்டு சொவர்லதான் அடிக்கும். கோவமா? சவம்னு சொல்லிட்டேன்னா? நீ என்னைய மூதிம்பேல்லா, அதுக்கு இது சரியாப் போச்சு. போர்வை ஓரம் படபடன்னு அடிக்குது. தலைமாட்டுல இருந்த பேப்பர் பறந்து கீழ விழுந்துச்சு. அவ முடி, நரைச்ச முடி, காத்துல எந்திரிச்சு கன்னத்துல வந்து விழுந்து, பொறவு வாய்க்குள்ள போயி ஒட்டிக்கிட்டு. அவளுக்கு மூஞ்சில முடி பட்டா ஆகாது. எவ்வளவு முடியாம கெடந்தாலும் கையைக் கொண்டு வந்து ஒதுக்கிருவா, ஐ.சி.யு.வுலகூட ஒதுக்குனா. ஒதுக்கல. நான் பாத்துக்கிட்டே நின்னேன், இப்ப ஒதுக்குவா, இப்ப ஒதுக்குவான்னு. முடி வாயில கெடக்கு. புஸ்ஸுன்னு மிஷின் அனுப்புற காத்துக்கு மூக்குப் பக்கம் ரெண்டு முடி லேசா ஆடுது. அது மிஷினோட காத்து. அவளோடது இல்ல. கிட்டப் போனேன். மெதுவாத்தான் போனேன், அவசரமாப் போனா நெசமாயிருமோன்னு. கையைத் தொட்டேன், சூடு இருக்கு, இந்த வெக்கையில எதுதான் சூடா இல்ல. மூஞ்சியை என் பக்கம் திருப்புனேன், திருப்புன பக்கம் வந்துச்சு. அக்கான்னேன். அக்கா, ஃபேன் போட்டிருக்கேன்க்கா. மிஷினை நிப்பாட்டுனப்பவே அவ ஒண்ணும் சொல்லலையே. சொவரு பக்கம் திரும்புனது கோவமா, இல்ல அப்பவேயா? அதுக்கு முன்னால நான் கடைசியாச் சொன்னது என்ன? வேண்டாம், அதை நெனைக்க வேண்டாம். நெனைக்கத்தான் செய்யுதேன். அவ ஆக்சிஜன் கேக்கல. கரண்டு கேக்கல. ஒரு நிமிசம் கேட்டா, மூஞ்சிக்கு மட்டும், அது இந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு, நெறைய இருந்துச்சு, நான் குடுக்கல.

அழ வரல. கட்டில்ல அவ பக்கத்துல ஏறி உக்காந்துக்கிட்டேன், வாயில இருந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால விட்டேன், காத்து மறுபடியும் கொண்டு வந்து போட்டுச்சு, மறுபடி எடுத்து விட்டேன். மிஷினை நிப்பாட்டணும். எந்திரிச்சுப் போயி ஸ்விட்சை அமத்தணும், அவ்வளவுதான், ஆனா இவ்வளவு நேரம் அது நிக்கக் கூடாதுன்னு உக்காந்திருந்துட்டு இப்ப என் கையால எப்படி அமத்துவேன்? அதுவா நிக்கட்டும். பேட்டரி தீந்து தன்னால நிக்கட்டும், அதுவரைக்கும் யாருக்கும் சொல்ல வேண்டாம். ரெண்டு மணி போயிருக்கும். மிஷினும் ஓடுது, ஃபேனும் அஞ்சுல ஓடுது. எந்திரிச்சு ஃபிரிட்ஜைப் போட்டேன். டியூப் லைட்டைப் போட்டேன், பட்டப் பகல்ல. ஹாலு ஃபேனு, அடுப்படி ஃபேனு, எல்லாத்தையும் போட்டேன். குடிக்கட்டும், எல்லாம் சேந்து குடிச்சுத் தீக்கட்டும், இதுக்கு மேல எதை மிச்சம் பிடிச்சு யாருக்கு வைக்க. தீரல. லைட்டு ஒண்ணுல நின்னுக்கிட்டே இருக்கு, சிவப்பு வரல, கத்தல. ஏ சனியனே, போயேன், போய்த் தொலையேன்னு பெட்டிக்கிட்ட நின்னு கெஞ்சுனேன், அப்பத்தான் அழுகை வந்துச்சு. பொறவு திரும்ப வந்து அவ பக்கத்துல உக்காந்தேன். மைதீன் பாய் கூப்பிட்டாரு, எடுக்கல. வெயில் சன்னலைத் தாண்டி எறங்கிப் போச்சு. சன்னல் கம்பிக்கு வெளிய சண்முகவடிவு வந்து நிக்கா, முந்தானையால கழுத்தைத் தொடைச்சுக்கிட்டு. வெளி வெளிச்சத்துலருந்து பாக்கா, உள்ள ஒண்ணும் தெரியாது அவளுக்கு. டீச்சர், உங்க வீட்ல கரண்டு வந்துட்டா, ஃபேனு சத்தம் கேக்கு? இல்ல, இன்வெர்ட்டர்லதான் ஓடுது. காலைலருந்தா? இவ்வளவு நேரமா தாங்குது? ஆமா. எல்லா ஃபேனுமா? ஆமா. அக்கா நல்லா காத்தாட தூங்குதாங்க போல. வாயில மறுபடி வந்து விழுந்த முடியை எடுத்து விட்டேன். சண்முகவடிவு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உள்ளருந்து வர்ற காத்துல கொஞ்சம் நின்னா. என்ன பேட்டரி டீச்சர் இது, பேரு சொல்லுங்க, எங்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிப் போடுதேன், நல்ல பேட்டரியா இருக்கே.